மோர் ஊத்தும்போது எழுந்தவன்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மேடையில இருக்கிற பெரியவங்க பேரையெல்லாம் எங்க அணித்தலைவர் ஏற்கெனவே சொல்லிட்டார். நானும் சொன்னா இந்தப் பட்டிமன்றம் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போயிடும்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். ஃபுட்பால் மேட்ச்ல கடைசி விசிலுக்கு முன்னாடியே எழுந்து போறவன் ரசிகனா, இல்லையா? ரசிகன்தான்னு பேச வந்திருக்கேன். நானா ஆசைப்பட்டுக் கேட்ட அணி இல்லீங்க. சீட்டுக் குலுக்கினாங்க, இது வந்துச்சு.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தங்கச்சி ஒரு அருமையான கதையை எடுத்தாங்க. எடுத்த வேகத்துல முடிச்சிட்டாங்க. நல்ல கதையை இப்படியாம்மா கொல்றது? நான் சொல்றேன் கேளுங்க.

1999, மே 26. பார்சிலோனா, காம்ப் நோ மைதானம். சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். ஜெர்மனியோட பேயர்ன் மியூனிக்கும் இங்கிலாந்தோட மான்செஸ்டர் யுனைடெட்டும். ஆறாவது நிமிஷத்துல பாஸ்லர் ஒரு ஃப்ரீ கிக் அடிச்சார், பேயர்னுக்கு ஒரு கோல். அதுக்கப்புறம் தொண்ணூறாவது நிமிஷம் வரைக்கும் வேற கோலே இல்ல. மேல யூஃபாவோட, அதாவது ஐரோப்பிய ஃபுட்பால் சங்கத்தோட, தலைவர் லென்னார்ட் யோஹான்சன் உக்காந்திருக்கார், ஸ்வீடன்காரர். கோப்பையைக் கையில குடுக்க வேண்டியவர் அவர்தான். ‘சரி, இனிமே என்ன இருக்கு’ன்னு எழுந்து லிஃப்டுக்குள்ள போறார். கதவு மூடுது. மூடும்போது யார் சாம்பியன்? பேயர்ன். மனுஷன் உள்ள நின்னு கோட்டைச் சரி பண்ணியிருப்பார், ஜெர்மன்ல ரெண்டு வாழ்த்து வார்த்தையை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்திருப்பார். அந்த நேரம் பெக்காம் கார்னர் அடிக்கிறார், ஷெரிங்ஹாம் கோல். திரும்ப பெக்காம், திரும்ப கார்னர், ஷெரிங்ஹாம் தலையில பட்டு சோல்ஷேர் கால்ல பட்டு உள்ள. கோல் போட்ட ரெண்டு பேருமே மாற்று ஆட்டக்காரங்க! யோஹான்சன் கீழ வந்து பாக்கறார். ஜெயிச்சவன் அழுவுறான், தோத்தவன் ஆடுறான்! என்னடா உலகம் இதுன்னு அவருக்கே ஒண்ணும் புரியல.

கடைசி வரிசைக்குக் கேக்கலைங்கிறாங்க, இன்னொரு தடவை சொல்றேன். லிஃப்டுக்குள்ள போகும்போது சாம்பியன் ஜெர்மன்காரன், வெளிய வரும்போது மான்செஸ்டர்காரன். நம்ம ஊர்ல தப்பான மண்டபத்துல மொய் எழுதிட்டு, சாப்பிட்டும் முடிச்சிட்டு, அப்புறம் மாப்பிள்ளை மூஞ்சியைப் பாக்குறோமே, அந்த மாதிரி நின்னிருப்பார் மனுஷன்.

தங்கச்சி என்ன சொன்னாங்க? சீக்கிரம் எழுந்தார், ஏமாந்தார்னாங்க. ஏம்மா எழுந்தார்? கப்பு குடுக்கணும், வேலை இருந்துச்சு! வேலை இருக்கிறவன் எழுந்துதானே ஆகணும்? யூஃபா தலைவரையே ரசிகன் இல்லைன்னு தீர்ப்பு எழுதற அளவுக்கு நம்ம நடுவர் துணிஞ்சவரான்னு எனக்குத் தெரியல.

நம்ம கதைக்கே வர்றேன். 2015 டிசம்பர் 20, இந்தியன் சூப்பர் லீக், அதாங்க ஐஎஸ்எல், ஃபைனல், கோவாவில ஃபதோர்டா மைதானம். எஃப்சி கோவாவும் நம்ம சென்னையின் எஃப்சியும். 87-வது நிமிஷத்துல கோவா 2-1. தொண்ணூறாவது நிமிஷத்துல அவங்க கீப்பர் கட்டிமணியே சேம் சைடு கோல். அப்புறம் மெண்டோசா அடிச்சார், சென்னையின் எஃப்சிக்குக் கோப்பை. இதுல 88-வது நிமிஷத்துல டிராஃபிக்குக்குப் பயந்து கிளம்பின கோவாக்காரன் ஒருத்தனை நெனச்சுப் பாருங்க. ‘நாமதான் சாம்பியன்’னு வழியெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டே போயிருப்பான். வீட்டு வாசல் வரைக்கும் அவனுக்குத்தாங்க கப்பு! உள்ளயே உக்காந்திருந்தவனுக்கு என்ன கிடைச்சுது?

அப்போ லிவர்பூல் கோச்சா இருந்த யூர்கன் க்ளாப் வருத்தப்பட்டதைக்கூட தங்கச்சி இழுத்தாங்க. 2015 நவம்பர், லிவர்பூலோட சொந்த மைதானம் ஆன்ஃபீல்டுல எதிரணி கிரிஸ்டல் பேலஸ் 82-வது நிமிஷத்துல கோல் போட்டதும் லிவர்பூல் கூட்டம் எழுந்து போச்சு, தன்னைத் தனியா விட்ட மாதிரி இருந்துச்சுன்னார். நல்ல மனுஷன், எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனா அவருக்கு டீம் பஸ் வாசல்லயே நிக்கும்யா! அவர் ஏறாம அது கிளம்பாது. எங்க பஸ் அப்படியா?

இதெல்லாம் போகட்டும். கடைசியா ஒரு குத்து குத்தினாங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்லாம உக்காந்தா எனக்கு ராத்திரி சோறு இறங்காது. ‘எண்பதாவது நிமிஷத்துல எழுந்து போறவன், பாயசம் வர்றதுக்கு முன்னாடி இலையை மூடுறவன்’னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நடுவரும் சிரிச்சார், நான் பாத்தேன்.

தங்கச்சி, நீங்க கடைசியா எந்தப் பந்தியில உக்காந்தீங்க? சாம்பார் ஆச்சு, வத்தக்குழம்பு ஆச்சு, ரசம் ஆச்சு, பாயசம் ஆச்சு. அதுக்கப்புறம் என்ன வரும்? சபையே சொல்லட்டும். மோர்! கடைசியில வர்றது மோரும்மா! பாயசம் நடுவுலயே வந்துட்டுப் போயிடுது. கடைசிப் பத்து நிமிஷம் என்ன நடக்குது? ஒரு கோல் முன்னாடி இருக்கிற டீமோட கீப்பர், காத்து பட்டாலே விழுந்து படுத்துக்குவார். ஸ்ட்ரெச்சர் வரும். ஷூ லேஸைக் கட்டுவார், அவிழ்ப்பார், திரும்பக் கட்டுவார். பந்தைக் கொண்டுபோய் மூலைக் கொடிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாலு பேர் முதுகைக் காட்டி நிப்பாங்க. இது பாயசமா? நீர் மோருங்க, அதுவும் உப்புப் போடாதது. போதாக்குறைக்கு, நீங்க மோருக்குக் கை நீட்டுறதுக்குள்ள அடுத்த பந்திக்காரர் உங்க நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அவர் மூச்சு உங்க கழுத்துல படுது. மரியாதை தெரிஞ்சவன் எழுந்திருவானா மாட்டானா?

மணியைத் தொடாதீங்க நடுவர் ஐயா, முடிச்சிடுறேன்.

எங்க ஊர் திருவள்ளூர் தாண்டி உள்ள. அப்பா லேத் பட்டறையில வேலை. ஐஎஸ்எல் வந்த புதுசுல நேரு ஸ்டேடியத்துக்கு என்னைக் கூட்டிக்கிட்டு வருவார். ஏழு மணி மேட்ச். எண்பதாவது நிமிஷம் ஆனா எழுந்திடுவார். மூர் மார்க்கெட் ஸ்டேஷன்ல ஒன்பது மணி டிரெயினைப் பிடிச்சாத்தான் திருவள்ளூர்ல பத்தரை மணி கடைசி டவுன் பஸ். பெரியமேட்டுல வேக வேகமா நடக்கும்போது முதுகுக்குப் பின்னாடி சத்தம் கேக்கும். திரும்பிப் பாக்காமலே சொல்லுவார். ‘இது கோல்டா.’ ‘இது போஸ்ட்ல பட்டுச்சு, சத்தம் ஏறி இறங்குது பார்.’ மறுநாள் பேப்பர்ல பாத்தா சரியா இருக்கும்.

ஊர்ல இறங்கினா பஸ் ஸ்டாப்புல அம்மா டார்ச் லைட்டோட நிக்கும். சாப்பிட்டிருக்காது.

அம்மா போய் ரெண்டு மாசம் கழிச்சு நான்தான் அவரை வற்புறுத்திக் கூட்டிக்கிட்டு வந்தேன். எண்பது நிமிஷம் ஆச்சு, எழுந்திருக்கல. எண்பத்தஞ்சு ஆச்சு. ‘அப்பா, பஸ்ஸு’ன்னு தோளைத் தொட்டேன். மைதானத்தையே பாத்துக்கிட்டு, ‘இருந்தே பாத்துட்டுப் போலாம்டா. அங்க லைட் வச்சுக்கிட்டு யாரு நிக்கப் போறா’ன்னார்.

கடைசி விசிலை அன்னிக்குத்தான் முதல் தடவை உள்ள உக்காந்து கேட்டேன். மூணு தடவை ஊதினாங்க. கூட்டமெல்லாம் கலைஞ்சு, வாட்ச்மேன் வந்து சொல்ற வரைக்கும் நாங்க எழுந்திருக்கல.

இன்னும் ஒரு நிமிஷம் இருக்குன்னு நடுவர் விரலைக் காட்டுறார். வேணாங்க ஐயா. வணக்கம்.