வாக்குறுதி யாருடைய மேசைக்குப் போகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லூரிகள் திறந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. மாணவர் பேரவைக்குப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் இது. கல்லூரிக்குக் கல்லூரி முறை மாறும். ஓரிடத்தில் எல்லா மாணவர்களும் வாக்களிப்பார்கள். இன்னோரிடத்தில் வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். நிர்வாகமே ஒருவரை நியமித்துவிடுகிற இடங்களும் உண்டு. மாணவர்களே வாக்களிப்பதுதான் சரியான முறை என்பது என் உறுதியான கருத்து. எந்த முறையில் வந்தாலும், தலைவராக விரும்புகிறவர் "நான் வந்தால் இதைச் செய்வேன்" என்று எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அரசியல் அறிவியல் கற்பித்தவன் நான். மாணவர் தேர்தலை நடத்தும் பொறுப்பும் பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. வேட்பாளர்களின் வாக்குறுதித் தாள்களை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும். பஸ் வசதி செய்து தரப்படும், கேன்டீன் சீரமைக்கப்படும், அரியர் பிரச்சினைக்குத் தீர்வு காணப்படும் என்று ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்று ஒரு வரிகூட இருக்காது.

மேற்குக் கடற்கரை ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்த ஒரு மாணவி கொடுத்த தாள் வேறுவிதமாக இருந்தது. அதில் ஒரே ஒரு கோரிக்கைதான். கடைசி வகுப்பு முடிந்து பிள்ளைகள் சாலைக்கு வருவதற்குள் அவர்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ் கிளம்பிவிடுகிறது. அதை விட்டால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வீடு சேரும்போது இருட்டிவிடும். இதை எழுதிவிட்டு, அந்த வழித்தடத்தில் எந்த நிறுத்தத்தில் எத்தனை மாணவர்கள் இறங்குகிறார்கள் என்று நிறுத்தம் நிறுத்தமாகக் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார். நேரத்தை மாற்றும் அதிகாரம் பணிமனை மேலாளருக்கு, அவரிடம் கொடுக்கும் மனுவோடு முதல்வரின் பரிந்துரைக் கடிதம் இணைக்க வேண்டும் என்று அதற்குக் கீழே இருந்தது. பஸ் நேரத்தை மாற்ற முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. மதிய இடைவேளையைச் சற்றுக் குறைத்துக் கடைசி வகுப்பை முன்னதாக முடிக்கும்படி கல்லூரிக் குழுவைக் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்.

அந்த மாணவி தேர்தலில் தோற்றுப்போனார். வென்ற மாணவர் அவரிடமிருந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குப் போனார். பஸ் நேரம் மாறவில்லை. வகுப்பு நேரம் மாறியது. தோற்றவர் எழுதிய ஒரு பக்கம் அந்த ஆண்டு முழுவதும் பிள்ளைகளை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. தேர்தல் அறிக்கை என்றால் எனக்கு இன்றும் அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

மாணவர் பேரவைக்குப் பஸ் விடும் அதிகாரம் கிடையாது. கட்டணத்தைக் குறைக்கவோ ஆசிரியரை நியமிக்கவோ அதனால் முடியாது. கேட்பதும், கேட்டதற்குப் பதில் வரும்வரை விடாமல் நடப்பதும்தான் அதன் பலம். ஆகவே ஒரு வாக்குறுதியைப் பார்த்தவுடன், இது யாருடைய மேசைக்குப் போகும் என்று கேளுங்கள். துறைத்தலைவரா, முதல்வரா, பல்கலைக்கழகப் பதிவாளரா, அரசு அலுவலரா? அதைச் சொல்லத் தெரிந்த வேட்பாளர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

மாணவர் தேர்தலுக்கென்று நாடு முழுவதற்குமான நெறிமுறைகள் இருக்கின்றன. அவை பிறந்த வழக்கு நமக்கு அந்நியமானதல்ல. திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள கல்லூரி முதல்வர்கள் மன்றத்துக்கும் இடையே நடந்த வழக்கு அது. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும்வரை நம் ஊர்க் கல்லூரிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் இருந்தன. அப்போது அதன் பெயர் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2006-இல் அந்தக் குழு கொடுத்த பரிந்துரைகளை அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக்கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதை, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டலாம். அரசியல் கட்சியிடம் பணம் வாங்கக்கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். இவை எல்லாம் எனக்குப் பிடித்தமான விதிகள். வீட்டில் பண வசதி இல்லாத பிள்ளையும் ஸ்கெட்ச் பேனாவும் சார்ட் தாளும் வாங்கிக்கொண்டு களத்தில் நிற்கலாம் அல்லவா?

75 சதவீத வருகைப் பதிவு வேண்டும் என்பதும் வேட்பாளருக்கான விதிகளில் ஒன்று. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் மாவட்டத்தில் வருகைப் பதிவு என்பது சோம்பேறிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு அடைமழை நாளில் கீழே இறங்கி வருவதே பெரும்பாடு. தூத்தூர், சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்களில் தகப்பன்மார் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறார்கள். வீட்டில் ஓர் ஆத்திர அவசரம் என்றால் கல்லூரியில் படிக்கிற பிள்ளைதான் ஓட வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகு, கடலுக்குப் போனவர்களைத் தேடி அந்தக் கரை ஊர்கள் எத்தனை நாள் காத்துக் கிடந்தன என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் எந்தப் பிள்ளையால் வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும்?

வருகை குறைந்தவர்கள் தக்க காரணம் காட்டி, கட்டணம் செலுத்தி விலக்குக் கேட்க ஓரளவு வரைக்கும் வழி உண்டு. அந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஹால் டிக்கெட் வராத அன்றுதான் அலறிப் புடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் வருகைக் கணக்கைக் கேட்டு வாங்கி, எல்லைக்கோட்டை நெருங்குகிறவர்களை நேரில் பார்த்துச் சொல்வேன் என்று ஒரு வேட்பாளர் எழுதட்டும். கேன்டீனைச் சீரமைப்பதைவிட ஆயிரம் மடங்கு பெரிய காரியம் அது. அதைச் செய்ய யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, துறை அலுவலகத்தில் கேட்டாலே போதும்.

இன்னொன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியும் மாணவர் குறைதீர் குழு வைத்திருக்க வேண்டும். மாணவர் ஒருவரும் சிறப்பு அழைப்பாளராக அதில் உட்காரலாம். புகார் வந்தால் 15 வேலை நாட்களுக்குள் அந்தக் குழு அறிக்கை தர வேண்டும். உங்கள் கல்லூரியில் இந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் தெரிந்துகொண்டு மறுநாள் வரச் சொல்லுங்கள்.

மாணவிகளிடம் ஒரு வார்த்தை. பெண்கள் கல்லூரிகளில் பேரவையின் எல்லாப் பொறுப்பையும் நீங்களே சுமந்து அழகாக நடத்துகிறீர்கள். இருபாலர் கல்லூரி என்றால் மட்டும் துணைத் தலைவர் பதவியோடு ஏன் நிறுத்திக்கொள்கிறீர்கள்? பிள்ளைகளின் சான்றிதழ் வேலைக்காகத் திருநெல்வேலியைத் தாண்டி அபிஷேகப்பட்டி வரை போய்ப் பல்கலைக்கழக அலுவலகத்தில் பேசிவிட்டு வரக்கூடிய துணிச்சல் உங்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. தலைவர் பதவிக்கே மனு கொடுங்கள்.

டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வாக்குப்பதிவுக்கு முன்பு தலைவர் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நின்று பேசுவார்கள், ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள், மாணவர்களின் கேள்விகளுக்கும் பதில் சொல்வார்கள். இரவு நெடுநேரம் வரை கூட்டம் கலையாது. நம் ஊரில் மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகளே அதிகம் என்பதால் இரவுக் கூட்டம் நமக்குச் சரிப்படாது. மதிய உணவு வேளையில் கலையரங்கில் ஒரு மணி நேரம் போதும். கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி, பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெற்றி பெறப்போகிறவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. கல்லூரியில் சேரும்போது பேரவைக்கென்று ஒரு தொகை வாங்குவது பல இடங்களில் வழக்கம். சென்ற ஆண்டு அதில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, மீதி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் கிடைத்ததும் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆண்டு முடிவில் உங்கள் கணக்கும் அதே பலகையில் வர வேண்டும். விழா நடத்திய செலவு மட்டுமல்ல, கொடுத்த மனுக்களின் பட்டியலும், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்பதும் அதில் இருக்கட்டும். பதில் வராத மனுக்களை அடுத்த பேரவையிடம் ஒப்படைத்துவிட்டுப் பொறுப்பிலிருந்து இறங்குங்கள்.

நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.