ஜீனா ரோலண்ட்ஸ்: பாதிப் படம் அவருடையது

நண்பர்களே, வணக்கம்.

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. நானும் பின்வரிசையில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணி நேரம் படத்தின் நாயகி மேபலோடு அந்த வீட்டுக்குள் இருந்துவிட்டு, உடனே வந்து மைக்கைப் பிடிப்பது எளிதாக இல்லை. ஆனாலும் இன்று பேசியே தீருவது என்றுதான் வந்தேன். நம்முடைய அழைப்பிதழில் 'ஜான் கசவெட்டிஸ் படம்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறோம். எல்லா ஊரிலும் அப்படித்தான் போடுகிறார்கள். இன்று பார்த்த 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' படத்தில் பாதி, மேபலாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸுக்குச் சொந்தம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் 1930இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பிறந்தவர். அப்பா வங்கிக்காரர், மாநிலச் சட்டமன்றத்திலும் இருந்தவர். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடகம் கற்க நியூயார்க் போனார். அங்கேதான் கசவெட்டிஸைச் சந்தித்தார், 1954இல் திருமணம். அவருக்கென்று அப்போதே மேடையில் ஒரு பெயர் இருந்தது. 1956இல் பிராட்வேயில் 'மிடில் ஆஃப் தி நைட்' நாடகத்தில் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு ஜோடியாக நடித்தார். 1958இல் ஹாலிவுட்டில் முதல் படம். 1962இல் கிர்க் டக்ளஸோடு ஒரு படம். நல்ல உயரம், பொன்னிறக் கூந்தல், கொஞ்சம் கரகரத்த குரல். ஸ்டுடியோக்கள் தேடிக்கொண்டிருந்த எல்லாமே அவரிடம் இருந்தன. அவர்கள் காட்டிய பாதையிலேயே போயிருந்தால் வசதியாக இருந்திருப்பார்.

போகவில்லை. 1963இல் கசவெட்டிஸ் ஒரு ஸ்டுடியோ படத்தை இயக்கினார். ஜீனாவும் அதில் நடித்தார். படத்தொகுப்பில் தயாரிப்பாளரோடு தகராறு, படம் கசவெட்டிஸ் கையை விட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் செய்ததுதான் அமெரிக்கச் சுயாதீன சினிமாவின் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன். 1965இல், 16 மி.மீ. கறுப்பு வெள்ளை ஃபிலிமில், தங்கள் வீட்டிலும் ஜீனாவுடைய அம்மாவின் வீட்டிலும் 'ஃபேசஸ்' படத்தை எடுத்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் படப்பிடிப்பு. ஜீனா அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். படத்தொகுப்பு வருடக்கணக்கில் இழுத்தது. 1968இல்தான் படம் வெளியே வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயிற்றில் பிள்ளை, கையில் இன்னொரு பிள்ளை, கூடத்தில் லைட்டும் கேபிளும், அறைக்கு அறை ஆட்கள். அதற்கு நடுவில் நடிப்பு. 'மனைவி ஒத்தாசையாக இருந்தார்' என்று ஒரு வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அந்த வீடு அவருடையதும்தானே? பணத்துக்காகக் கசவெட்டிஸ் 'தி டர்ட்டி டஜன்', 'ரோஸ்மேரிஸ் பேபி' போன்ற பிறர் படங்களில் நடித்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஜீனாவும் அந்தக் காலத்தில் 'பெய்டன் பிளேஸ்' மாதிரித் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துக்கொண்டிருந்தார். அதை எழுதுகிறவர்கள் குறைவு.

இன்று பார்த்த படத்துக்கு வருவோம். இது முதலில் நாடகமாக எழுதப்பட்டது. இந்தக் காலத்துப் பெண்ணின் கஷ்டத்தைச் சொல்கிற நாடகம் வேண்டும் என்று கேட்டது ஜீனா. கசவெட்டிஸ் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, இதை வாரத்தில் எட்டுக் காட்சி மேடையில் நடித்தால் என் உடம்பும் மனசும் தாங்காது என்று அவர்தான் சொன்னார். அதனால்தான் இது சினிமா ஆயிற்று. கேட்டதும் அவர், மேடையிலிருந்து திரைக்குத் திருப்பிவிட்டதும் அவர். பிறகும் எப்படி ஒருவர் பெயரை மட்டும் போடுவது?

ஸ்டுடியோக்கள் பணம் தரவில்லை. நடுத்தர வயதில் புத்தி பேதலித்த ஒருத்தியை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று கேட்டார்களாம். கசவெட்டிஸே இதைச் சொல்லியிருக்கிறார். வீட்டை அடமானம் வைத்தார்கள். கதையைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோன பீட்டர் ஃபாக், 'கொலம்போ' தொலைக்காட்சித் தொடரில் சம்பாதித்த புகழோடும் பணத்தோடும் மேபலின் கணவனாக நடிக்க வந்தார். தன் கையிலிருந்து 5 லட்சம் டாலர் போட்டார். படக்குழுவில் பலர் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மாணவர்கள். ஜீனாவின் அம்மா லேடி ரோலண்ட்ஸ்தான் படத்தில் மேபலின் அம்மா. மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று கத்துகிற மாமியார், கசவெட்டிஸைப் பெற்ற அம்மா கேத்தரின். தன் நிஜ மாமியார் எதிரே நின்று அப்படிக் கத்த, அந்தக் காட்சியில் ஜீனா இரண்டு விரலைச் சிலுவையாகப் பிடித்துக்கொண்டு டாக்டரைத் தடுக்கிறாரே, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு அடைக்கிறது.

அவருடைய கைகளைக் கவனித்தீர்களா? பள்ளிப் பேருந்துக்காகத் தெருவில் காத்திருக்கிற காட்சி. போகிற வருகிற பெண்களிடம் மணி கேட்கிறாள். அவர்கள் விலகிப் போகிறார்கள். வாய் திறப்பதற்கு முன்பே கட்டைவிரல் பின்னால் எகிறுகிறது, உதடு ஒரு சத்தம் எழுப்புகிறது, தோள் குலுங்குகிறது. சொல் வந்து சேர்வதற்குள் உடம்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. மனநோயாளியாக நடிப்பவர்கள் பெரும்பாலும் வெறித்த பார்வையையும் அலறலையும் நம்பியிருப்பார்கள். ஜீனா அப்படிச் செய்யவில்லை. எல்லோரையும் சந்தோஷப்படுத்தப் பார்க்கிற ஒருத்தியின் அதீத அன்பை எடுத்துக்கொண்டு, அதை ஓர் அங்குலம் கூட்டிவிட்டார்.

இரவு முழுக்கக் குழாய் உடைப்பைச் சரிசெய்துவிட்டுக் கணவன் ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு காலையில் வருகிறான். முந்தின இரவு அவளோடு தனியாக இருப்பதாகச் சொன்னவன் அவன்தான். பிள்ளைகளைக்கூட அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் காத்திருந்தாள். அவ்வளவுக்குப் பிறகும் அத்தனை பேருக்கும் ஸ்பகெட்டி செய்து போடுகிறாள். ஒவ்வொருவரையும் பேர் கேட்கிறாள். ஒருவன் பாடுகிறான், இவள் பூரித்துப்போகிறாள். இன்னொருவனை ஆட வரச் சொல்லிக் கொஞ்சம் அதிகமாக வற்புறுத்துகிறாள்; கணவன் போடுகிற சத்தத்தில் மேஜையே உறைந்துவிடுகிறது. அவள் செய்த குற்றம் என்ன? விருந்தாளிகளை மனசார உபசரித்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஜீனாவின் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக வடிந்து போகிறதே, அதற்குக் கேமரா அவசரமே படாமல் காத்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். சாப்பாட்டு மேஜையில் தன் அப்பாவிடம், எனக்காக எழுந்து நிற்பீர்களா என்று கேட்கிறாள். ஆங்கிலத்தில் அதற்கு, எனக்காகப் பரிந்து பேசுவீர்களா, என் பக்கம் நிற்பீர்களா என்று பொருள். பாவம், அந்த மனுஷர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிஜமாகவே எழுந்து நிற்கிறார். அரங்கில் இரண்டு மூன்று பேர் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றதையும் கேட்டேன்.

இதெல்லாம் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி நடித்தது என்று ஒரு பேச்சு பலகாலமாக உண்டு. கசவெட்டிஸின் முதல் படமான 'ஷேடோஸ்' முடிவில், இது அந்தந்த நேரத்தில் தோன்றியபடி உருவானது என்று எழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரி எல்லாப் படத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இந்தப் படத்தின் வசனம் எழுதப்பட்ட வசனம். எப்படி உணர வேண்டும் என்பதைத்தான் அவர் நடிகர்களிடம் விட்டுவிடுவார். ஏதோ ஆவேசத்தில் வந்துவிட்டது என்றால் ஜீனாவின் உழைப்பு காணாமல் போகிறது. எழுதிய வரியை இப்போதுதான் முதல்முறை தோன்றியதுபோல் சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். மேடையில் வருடக்கணக்காக நின்றவருக்கு அது இருந்தது.

படத்தை வாங்க விநியோகஸ்தர் கிடைக்கவில்லை. திரையரங்கு உரிமையாளர்களோடு தாங்களே தொலைபேசியில் பேசி, கல்லூரிகளுக்கும் கொண்டுபோய் ஓட்டினார்கள். 1974 நியூயார்க் திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஜீனாவுக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் அவரும், இயக்குநர் பட்டியலில் கசவெட்டிஸும் இருந்தார்கள், இரண்டும் கைகூடவில்லை.

1977இல் 'ஓப்பனிங் நைட்'. வயதாவதை ஏற்க மறுக்கிற ஒரு மேடை நடிகையின் கதை. பெர்லின் விழாவில் ஜீனாவுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. சொந்த நாட்டில் அந்தப் படம் சரியாக ஓடக்கூட வழியில்லை. இருபது வருடம் கழித்து, 1999இல், ஸ்பெயினின் பெட்ரோ அல்மோதோவார் தன் 'ஆல் அபவுட் மை மதர்' படத்தை, நடிகைகளாக நடித்த நடிகைகளுக்குக் காணிக்கையாக்கினார். அதில் மூன்று பெயர்கள்: பெட்டி டேவிஸ், ஜீனா ரோலண்ட்ஸ், ரோமி ஷ்னைடர். சின்ன வயதிலிருந்தே ஜீனா வியந்து பார்த்தவர் பெட்டி டேவிஸ். 1979இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அவருக்கே மகளாக நடித்திருக்கிறார்.

'குளோரியா' படத்துக்காக ஜீனாவுக்கு இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரை. 'லவ் ஸ்ட்ரீம்ஸ்' 1984இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. அதையும் பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே எடுத்தார்கள். 1989இல் கசவெட்டிஸ் 59 வயதில் காலமானார். ஜீனா நடிப்பை நிறுத்தவில்லை. இயக்குநர் ஜிம் ஜார்முஷின் படத்தில் டாக்ஸியில் ஏறுகிற ஹாலிவுட்காரியாக வந்தார், தொலைக்காட்சியில் எம்மி விருதுகள் வாங்கினார். 2015இல் ஆஸ்கர் அகாடமி கௌரவ விருது கொடுத்தது. அப்போது அவருக்கு 85 வயது.

கடைசியாக ஒன்று. சற்றுமுன் சாப்பாட்டு மேஜையில் மேபலின் அம்மாவாகப் பார்த்தோமே, லேடி ரோலண்ட்ஸ், அவருக்குப் பிற்காலத்தில் அல்சைமர் நோய் வந்தது. 2004இல் மகன் நிக் இயக்கிய 'தி நோட்புக்' படத்தில் நினைவிழந்த முதியவளாக நடிக்க ஜீனா ஒப்புக்கொண்டார். அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதால் அது தனக்கு மிகவும் கடினமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். 2024 ஜூனில் நிக், தன் அம்மாவுக்கும் அதே நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது என்று தெரிவித்தார். ஆகஸ்ட் 14ஆம் தேதி ஜீனா காலமானார். வயது 94.

அடுத்த மாதம் 'ஓப்பனிங் நைட்' திரையிடுகிறோம். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இரண்டு பேர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.