அடைமழைக்கு நடுவுல ஒரு சீசன்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? மைக்கு கொர்ருங்குது... சரி விடுங்க, ஆஃப் பண்ணிடலாம், இருக்குறது எழுபது எண்பது பேரு, இதுக்கு தொண்டையே போதும்.

போன வருஷமே நெறைய பேர் கேட்டாங்க, ஏம்ப்பா ஐப்பசி கார்த்திகைல போய் இந்தக் கூத்து, நாடக நிகழ்ச்சியெல்லாம் வைக்கிறீங்க, மழைல எவன் வருவான், தை மாசம் வச்சா ஜம்முனு கூட்டம் வருமேன்னு. கேள்வி நியாயந்தான். தமிழ்நாட்டுக்கு வருஷம் முழுக்க கெடைக்கிற மழைல கிட்டத்தட்ட பாதி அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ளயே கொட்டிடுது, நம்ம ஹாலு லட்சணமும் உங்களுக்குத் தெரியும், பழைய நெல்லு குடோனு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, மழை வலுத்தா பக்கத்துல இருக்கவரு பேசுறதே காதுல விழாது. போன கார்த்திகைல ஒரு நாடகத்த பாதில நிறுத்திட்டு இருபது நிமிஷம் எல்லாரும் சும்மா மழைய வேடிக்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம், அன்னைக்கு நாடகத்த விட அதுதான் நல்லா இருந்துச்சுன்னு ஒரு அக்கா சொல்லிட்டு போனாங்க, அது பாராட்டா திட்டான்னு இன்னும் புரியல.

அப்புறம் ஏன் இந்த மாசம்னா, காரணம் கூத்துக்காரங்கதான். நம்ம வட மாவட்டத்துல கூத்து சீசன் பங்குனி சித்திரைல ஆரம்பிச்சா ஆடி ஆவணி வரைக்கும். திரௌபதி அம்மன் கோயில்ல பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசில பாரதப் போர் முடிவ நடிச்சுக் காட்டுற படுகளம், தீமிதி. அந்த மாசங்கள்ல ஒரு நல்ல ஜமாவ, அதாவது கூத்துக் குழுவப் புடிக்கவே முடியாது, ஒரு ஊர்ல விடிய விடிய ஆடிட்டு வேன்லயே தூங்கி அடுத்த ஊருக்குப் போய் எறங்குவாங்க. புரட்டாசி தாண்டுச்சுன்னா அப்படியே அடங்கிடும். வெட்டவெளில ஆடுறது, களரில, அதான் ஆடுற எடத்துல, தண்ணி நின்னா எங்க ஆடுறது? தோள்ல கட்டுற புஜக்கட்டை, கிரீடம்லாம் லேசான மரத்துல செதுக்கி கண்ணாடிச் சில்லும் கலர் பேப்பரும் ஒட்டுனது, ஈரம் பட்டா ஒட்டுனதெல்லாம் உரிஞ்சிடும். அதனால கட்டையெல்லாம் பெட்டிக்குள்ள போயிடும், ஆட்டக்காரரு கட்டட வேலைக்கோ கழனிக்கோ போயிடுவாரு, அதுவும் மழைல கெடைச்சாத்தான்.

மெட்ராஸ் மார்கழி கச்சேரி சீசன் இருக்குல்ல, அது டிசம்பர்ல வந்ததுக்குக் காரணம் பக்தியும் இல்ல பனியும் இல்ல. 1927 டிசம்பர்ல அங்க காங்கிரஸ் மாநாடு நடந்துச்சு, கூடவே ஒரு சங்கீத மாநாடும் வச்சாங்க, அதுலேர்ந்து அடுத்த வருஷம் மியூசிக் அகாடமி வந்துச்சு, அப்படியே அந்த மாசம் ஒட்டிக்கிச்சு. அவங்க மாசம் ஏதோ ஒரு மாநாட்டால வந்தது. நம்ம மாசம் வேல இல்லாதவங்களுக்காக நாமளே பாத்து எடுத்தது. அதுல கொஞ்சம் கர்வம் இருக்கத்தான் செய்யுது எனக்கு, மறைக்கல.

சரி, இந்த தடவ என்னென்னன்னு சொல்லிடறேன். மொத நிகழ்ச்சி, விஜயதசமி முடிஞ்ச சனிக்கிழம, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுலேர்ந்து ஒருத்தர் வந்து பிள்ளைங்களுக்கு பேப்பர் கூழ் பொம்ம செய்ய சொல்லித் தர்றாரு. கொலு முடிஞ்சாத்தான் அவங்களுக்கு மூச்சு விட நேரம். பழைய பேப்பர் கொண்டாங்க.

அடுத்து தோல்பாவைக் கூத்து. இதப் பத்தி கொஞ்சம் பேசணும். பெரிய ஆடிட்டோரியத்துல இதப் போட்டு நான் பாத்திருக்கேன், இருபதாவது வரிசைலேர்ந்து பாத்தா ராமரும் ஒண்ணுதான் ராவணனும் ஒண்ணுதான், ஏதோ கலர் கலரா அசையுது அவ்ளோதான். ஆட்டுத்தோல சுத்தம் பண்ணி, சாயம் ஏத்தி, நகைக்கும் துணிக்கும் பொடிப்பொடியா ஓட்டை போட்டிருப்பாங்க, வெளிச்சம் அந்த ஓட்டை வழியா வர்றதுதான் அழகே, அது கிட்டக்க உக்காந்தாத்தான் தெரியும். திரைக்குப் பின்னாடி ஒரே ஆளுதான் பாவையையும் ஆட்டி, அத்தன பாத்திரத்துக்கும் கொரலும் குடுப்பாரு, சிரிப்பு காட்டுற உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சண்ட போட்டுக்குறப்ப ரெண்டு பேரும் உள்ள இருக்காங்கன்னே பிள்ளைங்க அடம் புடிக்கும். கன்னியாகுமரி பக்கம் இன்னும் ஆடுற குடும்பங்கள விரல் விட்டு எண்ணிடலாம். ஆட்டம் முடிஞ்சதும் திரைக்குப் பின்னாடி போய் பாக்க விடுவாரான்னு கேட்டேன், தாராளமா வாங்கன்னுட்டாரு.

கார்த்திகைல கூத்து. கர்ண மோட்சம், கர்ணன் சாகுற கத. இதுல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். நம்ம பக்கம் இத சாவு வீட்டு காரியத்துல ஆடுறது வழக்கம், அதனால கமிட்டில ஒரு பெரியவரு, ஹால்ல போய் காரியக் கூத்தான்னு மொகத்த சுளிச்சாரு. நான் கூத்து வாத்தியாரையே கேட்டேன். அவரு சொன்னாரு, "மழைக்காலத்துல எனக்கு வர்ற ஆட்டமே காரிய வீட்டு ஆட்டந்தான் தம்பி, அங்க அழுகைக்கு நடுவுல ஆடுறேன், ஒரு தடவையாவது ஆட்டத்த மட்டும் பாக்குற ஜனத்துக்கு முன்னாடி ஆடணும்." அதுக்கப்புறம் கமிட்டில யாரும் பேசல. பெரியவரும் மொத வரிசைல சீட்டு போட சொல்லிட்டாரு.

விடிய விடிய இல்ல, மூணு மணி நேரம். குறைச்சிட்டீங்களேன்னு திட்டாதீங்க, கடைசி பஸ் ஒம்பதே முக்காலுக்கு.

நாலாவது ஒரு நாடகம், மேடை இல்லாம, நாலு பக்கமும் ஜனம் உக்காந்து நடுவுல ஆடுறது. வங்காளத்துல பாதல் சர்க்கார்னு ஒரு நாடகக்காரர் பண்ணது இதுதான், மேடை, செட்டு, லைட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஒரு ரூம்ல ஜனங்களோட ஜனமா ஆட ஆரம்பிச்சாரு. 1980ல சென்னை பக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து நம்ம தமிழ் ஆளுங்களுக்குப் பட்டறை நடத்துனாரு, இங்க வீதி நாடகம் போட்டவங்க பல பேருக்கு அதுதான் பள்ளிக்கூடம். மேடை கட்டலயா மேடை கட்டலயான்னு வருஷா வருஷம் கேக்குறவங்களுக்கு இதையே பதிலா வச்சுக்கறேன், காசு இல்லங்கறது ரெண்டாவது காரணம்.

காசுன்னதும் ஞாபகம் வருது. டிக்கெட் கெடையாது. கூத்துல ஆட்டக்காரரு சட்டைல பணம் குத்துனா, கோமாளி வேஷம் கட்டுற கட்டியக்காரன் பேரச் சொல்லி கத்துவான்ல, அதே மாதிரி இங்கயும் கத்துவோம், பேரு வேணாங்குறவங்க வாசல்ல இருக்க சில்வர் குடத்துல போட்டுட்டு போங்க. குடத்துல விழுறது முழுக்க ஆட்டக்காரங்களுக்கு, கரண்டு பில்லு எங்க தலவலி.

தோல்பாவை அன்னைக்கு அவங்க ஆறு பேரு ரெண்டு ராத்திரி தங்கணும், மாடி ரூம் ஒழுகாத வீடு யாருதாவது இருந்தா போகும்போது என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. அப்புறம், கொடையெல்லாம் வாசல்லயே வச்சிடுங்க, போன தடவ நாலு கொட மாறிப்போச்சு, அதுல ஒண்ணு இன்னும் என் வீட்லதான் இருக்கு, நீலக் கலரு, மரக் கைப்பிடி.