பே ஸ்லிப் இல்லாதவர்களுக்குச் சில வார்த்தை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தையல் ஃபேக்டரியில் பல வருஷம் சம்பளக் கணக்கு எழுதியவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பிள்ளைக்குக் கிராண்ட், அதாவது அரசு மாதா மாதம் தரும் உதவிப் பணம், கேட்டு அதைக் கொடுக்கும் சாசா என்ற அரசு அமைப்பின் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், தாங்கள் பார்க்கும் வேலையை எப்படிக் காட்டுவது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

1998-இல் இந்தக் கிராண்ட் தொடங்கியபோது ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மாதம் 100 ராண்ட். 2025 ஏப்ரலில் அது 560 ராண்ட் ஆனது. இப்போது பதினெட்டு வயது வரை உண்டு. வருமான வரம்பை மனதில் வைத்துக்கொள்வது சுலபம். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவருக்குக் கிராண்டைப் போல் பத்து மடங்கு, அதாவது அப்போதைய கணக்கில் மாதம் 5,600. கணவன் மனைவி என்றால் இருவருக்கும் சேர்த்து அதன் இரட்டிப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிராண்ட் கிடையாது என்று இன்னமும் நிறைய பேர் நினைக்கிறார்கள். அது தப்பு. வேலை இருக்கலாம், வருமானம் வரம்புக்குள் இருந்தால் போதும்.

சரி, பே ஸ்லிப் உள்ளவர்களுக்குக் கவலை இல்லை. அதையும் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டையும் கொண்டு போவார்கள். வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிற அக்கா, மார்க்கெட்டில் சமோசா விற்கிற ஆன்ட்டி, வாரத்தில் சில நாள் வீட்டு வேலைக்குப் போகிற பெண், இவர்கள் கையில் ரொக்கம் வரும், காகிதம் வராது. அதனாலேயே பலர் விண்ணப்பிக்கப் போவதில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. உம்லாங்காவில் ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும். அந்த வீட்டு அம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல தாளில், அழகான கையெழுத்து. "நேர்மையானவள், சுத்தமானவள், எங்கள் குடும்பத்தில் ஒருத்தி போல" என்று எழுதியிருந்தது. பாவம், நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் எவ்வளவு கொடுக்கிறார், எத்தனை நாள் வேலை, எப்போதிருந்து என்று ஒரு வார்த்தை இல்லை. கவுன்டரில் திருப்பிவிட்டார்கள்.

அடுத்த தடவை அந்த அம்மா, "முழுநேர வேலை, சட்டப்படி குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறேன்" என்று எழுதினார். கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட்டாக இருந்தது. வாரம் 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 5,600-ஐக் கொஞ்சம் தாண்டிவிடும். கிராண்ட் போச்சு! உண்மையில் அந்தப் பெண் போவது வாரம் மூன்று நாள், நாளுக்கு ஏழு மணி நேரம். மாதம் சுமார் 2,620 ராண்ட்தான், வரம்பில் பாதிகூட இல்லை. ஒரு வார்த்தை மாறினதில் இரண்டு பிள்ளைகளின் பணம் நின்றிருக்கும்.

அதனால்தான் மணிக்கணக்கை எழுதச் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் பெயர், அடையாள எண், என்ன வேலை, எப்போதிருந்து, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், கையில் எவ்வளவு, ரொக்கமா பேங்க்கா. கீழே வேலை கொடுக்கிறவர் பெயர், போன் நம்பர், கையெழுத்து, தேதி. எட்டு வரியில் முடிந்துவிடும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். கூச்சப்படாதீர்கள். ஒரே இடத்தில் மாதம் 24 மணி நேரம் வேலை பார்த்தாலே, பொதுவாகச் சம்பளத்தோடு எழுத்தில் விவரம் கொடுக்க வேண்டும் என்று 1997-ஆம் வருஷத்து வேலைச் சட்டம் சொல்கிறது. வீட்டு வேலைக்கும் அது உண்டு. வேலையை விட்டு நிற்கும்போது சர்வீஸ் சர்டிஃபிகேட்டும் கேட்டு வாங்குங்கள், பின்னால் வேலை இல்லை என்று காட்டவும் அதுதான் உதவும்.

முதலாளி தரவே மாட்டேன் என்றால்? சமோசா விற்கிற ஆன்ட்டிக்கு முதலாளியே இல்லையே? அப்போது அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து கையெழுத்திடும் வாக்குமூலம். போலீஸ் ஸ்டேஷனில் காசு கேட்க மாட்டார்கள். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், ஆனால் கையெழுத்தை அங்கே போய் அதிகாரி முன்னால் போடுங்கள். எழுதியிருப்பது தெரியுமா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, அது மனசாட்சியைக் கட்டுப்படுத்துமா என்று மூன்று கேள்வி கேட்பார். நிதானமாகப் பதில் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரா வாரம் விற்றது, செலவு, மிச்சம் என்று எழுதி வைத்திருந்தால் அஃபிடவிட்டில் போடும் தொகையைத் தயங்காமல் சொல்ல முடியும்.

பேங்க் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோஹானஸ்பர்க்கில் இருக்கிற தங்கை மளிகைக்குப் பணம் போட்டால், ஸ்டேட்மென்டில் அது வருமானம் மாதிரிதான் தெரியும். யார் போட்டது, எதற்கு என்று அஃபிடவிட்டிலேயே ஒரு வரி சேருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. இது மட்டும்: படிவம் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒரு காகிதம் குறைகிறது என்று தள்ளிப் போடாதீர்கள், விண்ணப்பித்த தேதியிலிருந்துதான் பணம் கணக்காகும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீடு செய்ய 90 நாள் உண்டு. சந்தேகம் இருந்தால் சாசாவின் இலவச எண் 0800 60 10 11. வணக்கம்.