டிஷ்வாஷரில் தண்ணீர் சூடாகவில்லையா? முதலில் கரண்ட் மீட்டரைப் பாருங்கள்

[காட்சி: சமையல்மேடை. கையில் ஓர் எவர்சில்வர் தட்டு.]

வணக்கமுங்க. இந்தத் தட்டைக் கொஞ்சம் பாருங்கள். நேற்று ராத்திரி அரிசியும் பருப்பும் சாதம், மேலே தாராளமாக நெய். மெஷினில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி வந்த தட்டு இது. விரலால் இழுத்தால் கோடு விழுகிறது. நெய் போகவே இல்லை, தட்டு முழுக்க மெல்லிசாகப் பரவி உட்கார்ந்துவிட்டது. நெய் உருகுவதற்கு 35 டிகிரி சூடு போதும். தண்ணீர் அதைக்கூட எட்டவில்லை.

சோப்பு வில்லை பாதி கரைந்து அடியில் கிடப்பது, கதவைத் திறந்தால் ஆவி வராமல் பாத்திரங்கள் சொட்டச் சொட்ட ஈரமாக இருப்பது, இதெல்லாமும் அதே அடையாளம்தான். கடைசி அலசலின் சூட்டில்தான் பாத்திரம் காய்கிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பெரும்பாலும் "ஹீட்டர் போச்சுங்க" என்ற பதில்தான் வரும். உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஹீட்டர் கெட்டுப்போவது வேறு, நல்ல ஹீட்டருக்குக் கரண்ட் போகாமல் இருப்பது வேறு. அதைத் தெரிந்துகொள்ள மெஷினைத் திறக்க வேண்டியதில்லை.

[காட்சி: வாசலில் இருக்கும் கரண்ட் மீட்டர். சிவப்பு விளக்கு மட்டும் நெருக்கத்தில்.]

இந்தச் சின்ன விளக்கைக் கவனியுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது மீட்டர் முகப்பிலேயே இருக்கும். இதில் 3200. ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மெஷினில் 65 அல்லது 70 டிகிரி புரோகிராமைப் போடுங்கள். குயிக் வாஷ் வேண்டாம், அதில் சூடே குறைவு. பம்ப் மட்டும் ஓடும்போது விளக்கு பத்து விநாடிக்கு ஒரு தடவைதான் மின்னும். 1800 வாட் ஹீட்டர் பிடித்துவிட்டால் அதே பத்து விநாடியில் பதினாறு தடவை துடிக்கும். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில் நடப்பதால், அரை மணி நேரம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வேகம் கூடவே இல்லையென்றால் ஹீட்டருக்குக் கரண்ட் ஏறவில்லை. கொஞ்ச நேரம் துடித்துவிட்டு, தண்ணீர் சூடாவதற்குள்ளேயே நின்றுவிட்டால் சூடு பார்க்கும் சென்சார் மீதோ தண்ணீர் ஓட்டத்தின் மீதோ சந்தேகப்படலாம். கடைசிவரை துடித்தும் மந்தமாக இருந்தால் வோல்டேஜ். தோட்டத்து வீடுகளில் இது சாதாரணம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஹீட்டரின் பலம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதற்காக ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் மாட்டிவிடாதீர்கள், அது இந்த லோடைத் தாங்காது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். "ஏஞ்சாமி, தட்டெல்லாம் பிசுபிசுங்குது" என்று அம்மா சொன்னதும் ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் ஹீட்டர் மாற்ற வேண்டும் என்றார். அன்று மாலை மீட்டரைப் பார்த்தேன், விளக்கின் வேகம் கூடவே இல்லை. அப்புறம் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மெஷினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றினேன். உள்ளே காசு அளவில் ஒரு சல்லடை. அது முழுக்கப் போர் மணல்.

[காட்சி: உள்ளங்கையில் சல்லடை. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் செம்மண் நிறத்தில் வழிகிறது.]

போதிய தண்ணீர் ஏறினால்தான் மெஷின் ஹீட்டரைப் போட விடும். இல்லாவிட்டால் வெறும் ஹீட்டர் கருகிவிடும் என்பதற்கான காப்பு அது. சல்லடையைக் கழுவி மாட்டினோம். மறுநாள் கதவைத் திறந்ததும் வந்த ஆவியில் அம்மாவின் கண்ணாடி மங்கிவிட்டது.

மெஷினின் அடியில் இருக்கும் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். கடுகும் கறிவேப்பிலையும் தேங்காய்த் துருவலும் அடைத்திருந்தால் பம்புக்குப் போதிய தண்ணீர் கிடைக்காது. மேல்தொட்டியின் உயரமும் முக்கியம். மூன்று மீட்டர் உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் வரும். உங்கள் மெஷினுக்கு எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏறவில்லையென்றால், உள்ளே பார்க்க வேண்டியதுதான். பிளக்கைக் கழற்றிய பிறகு, தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை இல்லாத ஊர் நம் பக்கம் குறைவு. அங்கே ஓம் பார்க்கும் மல்டிமீட்டரும், கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெகரும் இருக்கும். 1800 வாட் ஹீட்டர் 29 ஓம் அளவில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டரோ, சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் அதன் கட்-ஆஃபோ போய்விட்டது. சூடு பார்க்கும் சென்சாரைப் பெரும்பாலான மெஷின்களில் இப்படிச் சோதிக்கலாம்: கழற்றி, முனையை மட்டும் சுடுதண்ணீர் டம்ளரில் வைத்தால் ஓம் மளமளவென்று இறங்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தால் மிச்சமிருப்பது வயரும், ஹீட்டருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்சாகப் போர்டில் உள்ள ரிலேயும். ரிலே முனை கருகியிருந்தால் அதை மட்டும் மாற்றிப் பற்றவைக்கலாம், முழு போர்டும் வேண்டாம்.

சரி, நல்ல ஹீட்டர் ஏன் கருகுகிறது? உப்புத் தண்ணீர், அதாவது சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீர்தான் முக்கியமான காரணம். கோவையில் சிறுவாணி வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு. பல்லடம், காங்கேயம் பக்கம் போர் தண்ணீர் என்றால் சோப்பே நுரைக்காது. அந்தச் சுண்ணாம்பு ஹீட்டர் மேல் ஓடாகப் படியும். சூடு வெளியே போக முடியாமல் உள்ளேயே ஏறி ஹீட்டரைத் தின்றுவிடும்.

இந்தச் சுண்ணாம்பைப் பிடித்து நிறுத்தும் பகுதி ஒன்று மெஷினுக்குள் இருக்கும், அது தொடர்ந்து வேலை செய்யத்தான் உப்பு போடுகிறோம். அதனால் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப மெஷினில் அதன் அளவை மாற்றி வையுங்கள். உப்பு விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். கல்லுப்பு மலிவுதான், ஆனால் அதிலிருக்கும் மண்ணும் கசடும் உள்ளே அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷர் உப்பையே போடுங்கள். கொட்டியதும் பாத்திரம் இல்லாமல் உடனே ஒரு அலசல் ஓட்டிவிடுங்கள், சிந்திய உப்பு ஸ்டீலை அரித்துவிடும்.