அளந்து கொடுத்த தண்ணீர்

வணக்கம் நேயர்களே. கணவன் மனைவி பந்தத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எனக்கு மணமேடை ஞாபகம் வரவில்லை. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சுதான் கண்முன் வந்தது. அந்த வார்டில் 22 வருடம் செவிலியராக இருந்தேன்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வழக்கமாக வாரம் 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். உள்ளே ஒருவர் படுத்திருப்பார். வெளியே பெஞ்சில் இன்னொருவர். பெரும்பாலும் கணவனோ மனைவியோதான். இது ஒரு மாதம், இரண்டு மாதத்தில் முடிகிற காரியமும் இல்லை.

ஆனால் பெஞ்சைவிட வீட்டில் படும் பாடுதான் கடினம். சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுபோனவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று அளவு சொல்வோம். காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள்தான். ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற தாது ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. அதனால் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும். சொல்லித் தருவதோடு எங்கள் வேலை முடிந்தது. தினம் தினம் செய்கிறவர்கள் அவர்கள்.

ஒரு சித்திரை மாதம், ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “தாகத்துக்குத் தண்ணி கேட்கிற மனுஷனுக்கு, இன்னிக்கு அளவு முடிஞ்சுதுன்னு சொல்றேன் சிஸ்டர்.” அவர் தண்ணீர் குடிப்பதே கொல்லைப்புறம் போய்த்தானாம், கணவர் கண்ணில் படாமல்.

சிலர் சிறுநீரகத்தையே கொடுக்க முன்வருவார்கள். 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தபோது, நெருங்கிய உறவினர் என்று அது சொன்ன பட்டியலில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் இருந்தார்கள். ரத்த சம்பந்தம் இல்லாமல் அதில் இடம்பெற்ற ஒரே உறவு கணவன் மனைவிதான். ஆனால் அந்த உறவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். திருமணச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, குடும்பப் போட்டோ எல்லாம் கேட்பார்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்த ஆல்பத்தை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வருவார்கள். மாலையும் கழுத்துமாக நிற்கும் அந்தப் பிள்ளைகளையும், எதிரே நிற்கும் இந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் பெரும்பாலும் மனைவியாகவே இருந்தார். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். மனைவிக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்களையும் பார்த்தேன். பொறுத்துப் போ என்று பெண்ணிடம் மட்டும் சொல்வதை பந்தம் என்று நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

அதனால்தான் ஒரு கொத்தனாரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் மனைவிக்கு டயாலிசிஸ். அதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்று வைப்பார்கள். தொட்டால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரியும். அதிர்வு நின்றால் அடைப்பு என்று அர்த்தம், உடனே ஓடி வர வேண்டும். இதை அவருக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் விடியற்காலை 5 மணிக்கு வார்டுக்கு போன் வந்தது. “சிஸ்டர், துடிப்பு இல்ல. கிளம்பிட்டோம்.” சீக்கிரம் வந்ததால் அடைப்பை எடுத்து அந்த ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற முடிந்தது.

தினமும் காலையில் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவர் வேலைக்குக் கிளம்புவாராம். “சண்டை போட்ட மறுநாளுமா?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“அன்னிக்கும்தான் சிஸ்டர். வந்து கையைப் பிடிச்சுப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். போயிடுவார்.”