குதிகால் உதைத்த சொல்

அவையோர்க்கு வணக்கம்.

போன மாதம் என் அண்ணன் மகனின் பள்ளி அறிக்கை வந்தது. அதில் ஒரு சொல்: ‘ரிகால்சிட்ரன்ட்’. அண்ணி என்னிடம் நீட்டி, “என்னப்பா போட்டிருக்கு?” என்றார். முரண்டு பிடிக்கிற பிள்ளை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அன்றிரவு அந்தச் சொல்லோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

லத்தீனில் ‘கால்க்ஸ்’ என்றால் குதிகால். நம் ‘கால்’ போல ஒலிப்பது தற்செயல். அதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம். குதிகால் எலும்பை மருத்துவர்கள் ‘கால்கேனியஸ்’ என்கிறார்களே, அதுவும் இதே வேர். ‘ரெகால்சித்ராரே’ என்றால் குதிகாலால் பின்னுக்கு உதைப்பது. குதிரையும் கோவேறு கழுதையும் செய்கிற வேலை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மனிதனை அந்தச் சொல்லால் குறித்தவர்களில் முதல்வராக அகராதிக்காரர்கள் காட்டுவது, கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயை. ஆண்டு 1843.

இன்னொரு சொல்லையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். நல்லொழுக்கத்தை ‘இன்கல்கேட்’ செய்கிறோம் என்கிறோமே, அதற்கும் இந்தக் குதிகால்தான் மூலம். குதிகாலால் மிதித்து உள்ளே இறுக்குவது என்று பொருள்.

லத்தீன் விவிலியத்தில், தம்மை எதிர்த்துவந்த பவுலிடம் இயேசு சொல்லும் வார்த்தையிலும் இந்த உதை இருக்கிறது. தமிழில் அது, “முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்.” செடியின் முள் அல்ல அது. உழவன் கையிலுள்ள தார்க்குச்சியின் இரும்பு முனை. குத்தினால் மாடு உதைக்கும்; உதைத்தால் முனை இன்னும் ஆழமாக ஏறும்.

அந்தக் குச்சியை நான் தொட்டிருக்கிறேன். எங்கள் தாத்தா வண்டியில் வைத்திருந்தார். ஒருநாள் ஏரிக்கரை மேட்டில் வலத்து மாடு நின்றுவிட்டது. வாலை முறுக்கினார்கள், குச்சியால் குத்தினார்கள். ‘சண்டி மாடு’ என்றார்கள் கூடியவர்கள். அது பின்னங்காலைத் தூக்கி விட்ட உதையில் ஏர்க்கால் அதிர்ந்தது. தாத்தா இறங்கி வந்து பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார், நுகத்தடியைத் தூக்கினார். திமிலுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. குச்சியை வண்டிக்குள் போட்டார். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினார். மாட்டை மெதுவாக நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வண்டி அன்றிரவு ஏரிக்கரையிலேயே நின்றது.